அட்டை வீடும் அளவுகோலும்

பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் 'புராஜெக்ட்' என்னும் பெயரால் ஒரு பொருளைச் செய்து கொணர வேண்டும் என்னும் வழக்கம் இக்காலத்து நம் நாட்டில் எங்கணும் பரவியிருத்தலை நேயர்கள் நன்கறிவர். எரிமலை, காற்றாலை, சூரிய குடும்பம் என்னும் இவற்றோடு வீட்டின் மாதிரியுருவும் அவ்வரிசையில் ஓரிடம் பெற்றுள்ளது. இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ, கல்லூரி மலரில் இதனைக் குறித்து எழுதுவானேன் என்று சிலர் நகைக்கவுங் கூடும். நம் கல்லூரியிற் பயின்று வெளிச்சென்ற பழைய மாணவருள் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் மிகப் பலர்; இப்பொழுது பயில்வோருள்ளும் தம்பி தங்கையர்க்காக இரவில் விழித்திருந்து அட்டை வெட்டிக் கொடாதவர் சிலரே. ஆகலின் இவ்விஷயம் நம் அனைவரையும் சார்ந்ததே என்பது எம் கருத்து.

சென்ற ஆண்டு எம் ஊர்க்கு அணித்தேயுள்ள ஒரு பள்ளியின் கண்காட்சிக்கு நடுவராக வருமாறு எம்மை அழைத்திருந்தனர். எட்டாம் வகுப்பினர் செய்த வீடுகள் 31, நீண்ட மேசைகளின்மீது வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலன ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போலத் தோன்றின. தெர்மாகோற் சுவர், நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிய சன்னல், பச்சைச் சாயமேற்றிய மரத்தூளாலாகிய புல்வெளி, பிளாஸ்டிக் தென்னை ஒன்று, வாயிலில் ஒரு விளையாட்டு மோட்டார் வண்டி. அலங்காரத்திற்குரிய தெர்மாகோலை மத்திய அரசினர் 2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் விலக்கியிருப்பதை அங்கே ஒருவரும் நினைந்ததாகத் தெரியவில்லை. சுற்றுச்சூழலைக் காப்போம் என்று எழுதிய பலகையும் அப்பொருளாலேயே செய்யப்பட்டிருந்தது! அது நிற்க. ஒரு வீட்டின் முன்னே நின்ற வண்டி அவ்வீட்டின் கதவினும் உயரமாயிருக்கக் கண்டு, "தம்பி, இக்கதவு எத்தனை அடி உயரம்?" என்று உடையவனை வினவினோம். அவன் சிறிது திகைத்து, "அப்பாவைக் கேட்க வேண்டும், ஐயா" என்றான். அடுத்த மேசையிலிருந்தவன் இன்னும் நேர்மையுள்ளவன். "கடையில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கினோம், ஐயா. மரம் மட்டும் நான் ஒட்டினேன்" என்றான். அவன்மீது எமக்குச் சினம் தோன்றவில்லை. அவனைப் பொய் சொல்லுமாறு எவரும் இன்னும் பழக்கவில்லையே என்று ஓரளவு மகிழ்ந்தோம் என்றே சொல்ல வேண்டும்.

வரிசையின் கடைக்கோடியில், சுவரோரமாக, ஒரு சிறுமியின் வீடு இருந்தது. மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டிச் செய்தது. சோப்பின் பெயர் எழுத்து ஒரு சுவரில் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு அறையும் ஒரு திண்ணையும் ஓட்டுக் கூரையும் உடைய சிறு வீடு. கூரை தனியே எடுக்கத்தக்கதாய் அமைந்திருந்தது. அடிப்பலகையின் ஓரத்தில் மையால், '1 செ.மீ. = 25 செ.மீ.' என்று எழுதியிருந்தாள். அங்கிருந்த 31 வீடுகளுள் அளவு எழுதப்பட்ட வீடு அஃதொன்றே. சுவரின் கனம் அதிகமாயிருப்பதன் காரணம் கேட்டோம். வீட்டுச் சுவர் 9 அங்குலம் என்றும், அது மாதிரியில் 9 மில்லிமீட்டருக்குச் சற்று மிகும் என்றும், அட்டையின் கனம் 3 மில்லிமீட்டர் ஆதலால் மூன்று மடி சேர்த்து ஒட்டியதாகவும் விடை கூறினாள். அளப்பதற்கு அவளிடம் நாடா இல்லை. அண்டை வீட்டுத் தையற்காரரிடம் இஞ்ச் டேப்பு இரவல் பெற்று, தாயார் ஒரு முனையைப் பிடிக்கத் தான் மறுமுனையைப் பிடித்து அளந்தாளாம். தையல் நாடா 60 அங்குலமே உடையது. நீண்ட சுவரை நான்கு தரம் வைத்து அளந்ததில் எங்கோ ஒரு சாண் பிசகிவிட்டது என்றும், அதனால் திண்ணை ஒரு பக்கம் கோணியிருக்கிறது என்றும் தானே முன்வந்து ஒப்புக்கொண்டாள்.

அவ்வீட்டின் கிழக்கே, சுமார் மூன்றரை செ.மீ. இடம் விட்டு, வீட்டைச் சேராத ஒரு வெற்றட்டை நெட்டாக நிறுத்தப்பட்டிருந்தது. வெட்டி மிஞ்சிய துண்டை எடுத்தெறிய மறந்தாள் போலும் என்று எம்முடன் வந்த நடுவர் ஒருவர் கருதித் துப்புரவிற்குரிய மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்துவிட்டார். யாம், "இஃதென்ன, அம்மா?" என்றோம். "பக்கத்து வீட்டுச் சுவர், ஐயா" என்றாள். உன் வீட்டின் மாதிரியில் பக்கத்து வீட்டுச் சுவர் எதற்கு என்று மீண்டும் கேட்டோம். "அது இல்லாவிட்டால் எங்கள் அடுப்படியில் வெளிச்சம் வந்துவிடும், ஐயா" என்றாள்.

இவ்விடையை நேயர்கள் ஒரு கணம் நின்று சிந்திப்பாராக. அவ்வீட்டின் அடுப்படிக்குச் சன்னல் ஒன்றே உண்டு. அது கிழக்கு நோக்கியது. மூன்றடிச் சந்துக்கு அப்பால் அண்டை வீட்டார் உயரமான சுவரெழுப்பியிருக்கின்றனர். மாதிரியைப் பள்ளி மைதானத்திற்கு எடுத்துச் சென்று, திசை பார்த்து வைத்து, காலை வெயிலில் கூரையை மூடியும் திறந்தும் பார்த்திருக்கிறாள். சூரியன் அச்சுவரைக் கடந்து மேலெழும் பொழுதில், வெயில் சன்னலின் கீழ்க்கட்டையைத் தொடுகிறதேயன்றி உள்ளே புகுவதில்லை என்று கண்டாள். பின்பு கூரையட்டையில் ஒரு சிறு சதுரம் வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டினாள். அடுப்பிருக்கும் இடத்தில் வெயில் விழுந்தது. "ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்" என்றாள்.

முதற்பரிசு யாருக்குக் கிடைத்தது? ஒரு வெண்ணிற மாளிகைக்குக் கிடைத்தது. மின்விளக்குகள் ஒளிர்ந்தன, மாடியில் நீச்சற்குளமும் இருந்தது. நடுவர்க்குத் தரப்பட்ட தாளில் அழகு, துப்புரவு, கற்பனை, விளக்கிக் கூறுந் திறன் என நான்கு பத்திகள் இருந்தன. அளவு என்னும் பத்தி இல்லை. கூட்டிப் பார்க்கையில் அச்சிறுமிக்குப் பதினோராம் இடம் வந்தது. யாம் ஓரிரு வார்த்தை மறுத்துக் கூறினோம். நேரமாயிற்று, சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார் என்றனர். யாமும் அத்தாளிற் கையொப்பமிட்டோம். இதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரை எழுதும் உரிமை எமக்கில்லை.

அளவின்றிச் செய்த வீடு பொம்மை. அளவோடு செய்த வீடே மாதிரி. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்களே பலர் கருதுவதில்லை. பொம்மை செய்வது இழிவென்று யாம் சொல்லவில்லை. கொலு வைப்போரும் கிறிஸ்துமஸ் குடில் அமைப்போரும் செய்கின்றனர், கண்ணுக்கும் இனிதாயிருக்கிறது. ஆனால் மாதிரியென்பது கேட்டால் விடை சொல்லும். கதவு எத்தனை அடி, படி எத்தனை அங்குலம், கட்டில் இவ்வறையில் அடங்குமா என்று எதைக் கேட்பினும் அளவுகோலை வைத்துப் பார்த்து அது விடை தரும். பரிசு பெற்ற மாளிகையையும் யாம் பின்னர் அங்ஙனம் கேட்டுப் பார்த்தோம். அதன் கதவு 5 செ.மீ. உயரம், தூணின்றி முன்னே நீண்ட முகப்பு 18 செ.மீ. கதவினை 7 அடியென்று கொண்டால் முகப்பு 25 அடிக்கு மேல் ஒரு பிடிப்புமின்றி வானில் நிற்கிறது. அதன் கீழ் வண்டி நிறுத்தத் துணிவோர் நிறுத்துக.

கணக்கு அரிதானதன்று. நம் கொத்தனாரும் தச்சரும் இன்றும் அடி அங்குலத்திலேயே பேசுவர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மீட்டர் முறையைப் பள்ளிப்பிள்ளை தன் பெட்டியிலுள்ள அளவுகோலில் வைத்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று ஓர் அடியை 30.48 செ.மீ. என்று மாற்றி, 25-ஆல் வகுத்து, வந்த விடையைக் கத்தியால் வெட்டும்போதுதான் பின்னமும் தசமமும் விரல் நுனிக்கு வருகின்றன. ஐந்தரை அடி மனிதன் 6.7 செ.மீ. ஆகின்றான். 7 அங்குலப் படி 7 மில்லிமீட்டர் ஆகின்றது. புத்தகத்தில் ஐம்பது கணக்குச் செய்து பெறாத தெளிவை ஒரு மாடிப்படி செய்து பெறலாம். படிகளின் எண்ணிக்கையும் மாடியின் உயரமும் ஒத்து வராமல் இருமுறை பிய்த்துச் செய்தவனைக் கேட்டால் சொல்வான்.

மூலைமட்டத்தின் அருமையும் அப்பொழுதே விளங்கும். இக்கட்டுரையை எழுதப் புகுமுன், பிறர்க்கு உபதேசிப்பதைத் தாமே செய்து பார்க்க வேண்டுமென்று, எம் வீட்டு முன்னறையை அளந்து அட்டையில் வெட்டினோம். நான்கு சுவரும் சேர மறுத்தன. எம் வெட்டுதான் பிழை என்று மும்முறை திருத்தினோம். பின்பு ஐயுற்று அறையின் குறுக்களவுகள் இரண்டையும் அளந்தபோது அவை தம்முள் 11 செ.மீ. வேறுபட்டன. இருபது ஆண்டுகளாக அவ்வறையில் வாழ்ந்தும், அது சதுரமன்று என்பதை ஓர் அட்டை சொல்லியே அறிந்தோம்! ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி என்று நூல் பிடிக்கும் பழைய முறையை எம் வீடு கட்டிய கொத்தனார் அன்று மறந்தார் போலும்.

இனி, மாதிரி சொல்லாத விஷயமும் ஒன்றுண்டு. அதனையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். நீளம் 25-இல் ஒரு பங்காகும்போது பரப்பு 625-இல் ஒரு பங்கும், கன அளவு 15,625-இல் ஒரு பங்கும் ஆகின்றன. மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் நீர்த்தொட்டி மாதிரியில் 64 மில்லிலிட்டர் கொள்ளும்; ஒரு காப்பித் தம்ளருக்கும் போதாது. பாரம் கன அளவைப் பின்பற்றிக் குறைகின்றது. தூணின் குறுக்குப் பரப்போ அவ்வளவு குறைவதில்லை. ஆகையால் ஒரே பொருளாற் செய்யப்படினும், சிறிய வீட்டின் தூண் பெரிய வீட்டின் தூணைக் காட்டிலும், தன் பருமனை நோக்க, 25 மடங்கு இலேசாகவே சுமக்கின்றது. கலீலியோ தம் முதுமையில், 1638-இல் வெளிவந்த நூலில், இவ்வுண்மையை விளக்கினார். பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கினதைப் போன்ற வடிவிலேயே இருத்தல் இயலாது, அதனினும் மிகத் தடித்தே இருத்தல் வேண்டும் என்று படம் வரைந்தும் காட்டினார். மாதிரி நிற்கின்றது ஆதலின் வீடும் நிற்கும் என்று எண்ணுவது பெரும்பிழை. வெப்பமும் அத்தகையதே, அட்டை வீட்டினுள் வெப்பமானியை வைத்து உண்மை வீட்டின் சூட்டை அறிய முடியாது.

ஒளியோ அங்ஙனமன்று. சூரிய கிரணம் பெரிய வீடென்றும் சிறிய வீடென்றும் பேதம் பாராட்டுவதில்லை. கோணங்கள் மாறாதிருக்குமாயின் நிழலும் மாறாது. அச்சிறுமி மைதானத்திற் செய்தது விளையாட்டன்று. கட்டடக்கலைஞர் செய்யும் சோதனையே. இதனால் நம் நாட்டிற்கே உரிய சில உண்மைகளும் வெளிப்படும். வடக்குச் சன்னலில் வெயில் படாது என்று மேனாட்டு நூல்களைப் படித்தவர் சொல்லக் கேட்கிறோம். லண்டனில் நண்பகலைப் பொறுத்தமட்டில் அது மெய். மதுரையோ ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவாக்கு வரையில் அங்கே நண்பகற் சூரியன் வடக்கே நிற்கின்றது. ஜூன் 21-இல் உச்சியினின்று 13 பாகைக்கு மேல் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் 33 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். இரண்டு பக்கத்திற்கும் இறவாணம் வேண்டும் என்பதைத் திண்ணை வைத்துக் கட்டிய நம் முன்னோர் அறிந்திருந்தனர்; பெட்டி வீடு கட்டும் இக்காலத்தவர் மின்சாரக் கட்டணத்தால் அறிகின்றனர்.

மாதிரியின் பெருமை இன்று தோன்றியதன்று. எகிப்து தேசத்தில் மெகெத்ரே என்னும் அதிகாரியின் கல்லறையில், சற்றேறக்குறைய நாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மர மாதிரிகள் 1920-இல் அகப்பட்டன; அவற்றுள் ஒன்று முகப்போடும் தோட்டத்தோடும் கூடிய வீடு, அதன் நடுவே செப்புத் தகடு பதித்த குளம். லண்டன் மாநகரத்துத் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பார் 1673, 1674-ஆம் ஆண்டுகளில் கருவாலி மரத்தால் 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மாதிரி ஒன்று செய்வித்தார். குருமார் அவ்வமைப்பை ஏற்கவில்லை. கோவில் வேறு விதமாகக் கட்டப்பட்டது. கட்டப்படாத அக்கோவிலின் மாதிரி இன்றும் அங்கே இருக்கின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் ஒரே பாறையிற் குடைந்த திரௌபதி இரதத்தைப் பார்த்தவர், அது கூரை வேய்ந்த குடிசையின் கல்லுருவென்பதை எளிதிற் கண்டுகொள்வர். அக்காலத்துக் குடிசைகள் கீற்றும் மூங்கிலுமாய் மண்ணோடு மண்ணாயின. அவற்றின் கூரை எங்ஙனம் வளைந்திருந்தது என்பதைக் கல் ஒன்றே இன்று நமக்குக் காட்டுகின்றது. நம் தெருக்களில் ஓட்டு வீடுகள் நாள்தோறும் இடிக்கப்பட்டு வருகின்றன. இடிக்குமுன் அவற்றுள் ஒன்றையேனும் அளந்து வைத்த பிள்ளை ஒரு தெருவிற்கு ஒன்று உண்டா?

எம் கருத்திற்குத் தடை கூறுவோர் உளர். பெற்றோர்க்கு நேரமில்லை, கடையில் வாங்குவதே எளிது என்பது ஒரு தடை. பெற்றோர் செய்ய வேண்டியது நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பதே. அதற்குக் கால்மணி போதும். பிள்ளைகள் செய்வது கோணலாயிருக்கும் என்பது மற்றொன்று. இருக்கட்டுமே; கோணல் எங்கே நேர்ந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அதுவே பாடம்.

மூன்றாவது தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தன் வீட்டையே அளந்து செய்யுமாறு சொன்னால், ஓரறை வீட்டில் அறுவர் வாழும் குடும்பத்துப் பிள்ளை வகுப்பின் முன் நாணித் தலைகுனியாதா என்று ஓர் ஆசிரியை எம்மிடம் கேட்டார். அவ்வெண்ணிற மாளிகைகள் ஏன் ஒன்றுபோலிருந்தன என்பது அவர் சொன்ன பின்னரே எமக்கு விளங்கிற்று. அவற்றுட் பல, சோம்பலால் அல்ல, கூச்சத்தால் வாங்கப்பட்டவை. வாடகை வீட்டை அளப்பதற்கு வீட்டுக்காரர் முகஞ்சுளிப்பதும் உண்டு. இதற்கு யாம் காணும் வழி, எந்த வீடு என்பதைப் பிள்ளையின் விருப்பத்திற்கு விடுவதே. பாட்டியின் வீடு, மாட்டுக்கொட்டில், தெருமுனைத் தேநீர்க்கடை, பேருந்து நிழற்குடை, நியாயவிலைக் கடை, பள்ளியின் சொந்த வகுப்பறை, எதுவாயினும் ஆகுக. உள்ளதொன்றாயும் அளந்ததாயும் இருந்தால் போதும். ஆசிரியர் தம் வீட்டை முதலிற் செய்து, அதன் கோணற் சுவரோடும் ஒழுகும் மூலையோடும் மேசைமேல் வைப்பாராயின் பிள்ளைகளின் கூச்சம் பாதி நீங்கும். ஆனால் முழுதும் நீங்கும் என்று யாம் சொல்லத் துணியோம். அச்சிறுமியின் தைரியம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அதனை எல்லாரிடமும் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

பள்ளிப்பிள்ளைகளைப் பற்றி இத்துணை எழுதிய யாம் நம் கல்லூரியை விட்டுவிடுதல் முறையாகாது. இறுதியாண்டு ஆய்வேடுகள் பொன்னெழுத்துப் பொறித்த கட்டடத்தோடு எங்கே அச்சாகின்றன என்பது விடுதி மாணவர்க்குத் தெரியும். அச்சாவதற்கு முன் எங்கே எழுதப்படுகின்றன என்பதும் சிலர்க்குத் தெரியும். பரிசு பெற்ற தெர்மாகோல் மாளிகைகள் வளர்ந்து இங்கே வந்து சேருகின்றனவோ என்று சில சமயம் ஐயுறுகின்றோம்.

கண்காட்சி முடிந்து மேசைகளை ஒழித்தபோது மாளிகைகளைப் பெற்றோர் வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். அச்சிறுமி தன் வீட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, அண்டை வீட்டுச் சுவரைப் புத்தகப்பையிற் செருகிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அப்பள்ளியின் தலைமையாசிரியர்க்கு யாம் ஒரு கடிதம் எழுதியுள்ளோம். அடுத்த முறை எம்மையோ பிறரையோ நடுவராக அழைக்குங்கால், அளவு என்று ஐந்தாம் பத்தியொன்றை அத்தாளிற் சேர்க்க வேண்டுமென்றும், இயலுமாயின் மற்ற நான்கினும் அதற்கே மிகுதியான மதிப்பெண் வைக்க வேண்டுமென்றும், சென்ற ஆண்டுத் தாளில் எம் கையொப்பம் உள்ள இடத்தில் எம் மறுப்பையும் குறித்துக்கொள்ள வேண்டுமென்றும் அதில் கேட்டிருக்கின்றோம். விடை இன்னும் வரவில்லை.